பண்டசோழநல்லூர் வாசக்கால்

காலையில் கண் விழித்ததுமே எனக்கு அந்த நினைப்புதான். அப்பா இன்று மதியம் வீட்டுக்கு வருகிறார்.

முட்டி ஆபரேஷன் முடிந்து திருபுவனையில் என் கூடப்பிறந்த ஜெயப்பிரியா அக்கா வீட்டில் தங்கியிருந்தார். அவர் அங்கே கிளம்பும்போது, சோரியாங்குப்பத்தில் இருக்கும் இந்த வீட்டை இடிப்பது என்று கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. ஓடு ஒழுகியது. வாசக்காலைக் கரையான் தின்றுவிட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பழைய கூட்டை யார் கட்டிக்கொண்டு அழுவது, இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்று கமலக்கண்ணன் அண்ணன் கான்ட்ராக்டரிடம் பேசி வைத்திருந்தான்.

வேண்டாம் என்று சொன்னது ஒரே ஒரு ஆள்தான். அண்ணன் பொண்டாட்டி வைஜெயந்தி.

"மாமா திரும்பி வர்ற வரைக்கும் வூட்ட என்கிட்ட வுடுங்க. வந்து பாத்துட்டு இங்கயே இருக்கேன்னு சொன்னாருன்னா இருக்கட்டும். இல்லன்னா இடிச்சிக்குங்க" என்றார் அண்ணி. அப்பாவும் அதற்குச் சரி என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

நான் தோஹாவில் ஏசி மெக்கானிக். வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும் அண்ணி வீட்டைச் சரிசெய்ய வாங்கிய பழைய சாமான்களை வீடியோ காலில் ஒவ்வொன்றாகக் காட்டுவார். ஆனாலும் லீவில் வந்து இறங்கி உள்ளே நுழைந்த அன்று பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன். போனில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

கூடத்தில் இரண்டு பெரிய இரும்பு ஃபேன். மூடிப்போன பஞ்சாலையின் ஆபீசில் ஓடியவை. நான் வந்து பேரிங் மட்டும் மாற்றிக் கொடுத்தேன், இப்போது பூனை நடப்பதைப்போலச் சத்தமில்லாமல் சுற்றுகின்றன. புதுச்சேரியில் இடித்த ஒரு வெள்ளைக்காரன் காலத்து வீட்டின் ஜன்னல்கள், பட்டை பட்டையாகச் சாய்த்து வைத்த கதவுகளோடு. வெளியில் எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே வெளிச்சம் வடிகட்டித்தான் வருகிறது. சமையலறையில், கடையை மூடிய ஒரு மிட்டாய்க்காரர் வீட்டுத் தோட்டத்தில் துணி துவைக்கப் போட்டிருந்த மார்பிள் பலகை. அண்ணன் வேலை செய்யும் கம்பெனியில் மெஷின் வந்திறங்கிய பெட்டிகளின் கட்டைகளை இழைத்துச் சுவர் அலமாரி. கூடத்து நடுவில், அண்ணியின் அப்பா சிங்காரவேலு உடைத்துப்போட்ட பழைய படகின் பலகையில் ஒரு மேசை. அதைத் தடவினால் கை எங்கேயும் தட்டாது.

அண்ணி கடற்கரைப் பெண். படகு கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர். பழைய சாமான் கடையில் எதைப் பார்த்தாலும் முதலில் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். நகத்தால் அழுத்துவார். மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்களாம். இப்போது வில்லியனூர் கடைக்காரர் நல்ல மரம் வந்தால் அவரே போன் போடுகிறார்.

இதெல்லாம் அப்பாவுக்குப் பிடிக்குமா என்பதுதான் என் கவலை. அடுத்தவர் வீட்டுச் சாமான் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் அவர்.

அண்ணன் அவரைக் கூட்டிவரக் கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அண்ணி வாசலைக் கழுவி, வாசப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். கரையான் தின்ற வாசக்காலை எடுத்துவிட்டு வில்லியனூர் கடையிலிருந்து வாங்கி வைத்தது இது. தேக்கு, அடியில் மரப்படியோடு சேர்ந்தது. நெற்றிக்கட்டையில் தாமரை, பக்கத்துக்கு ஒரு கிளி. ஆசாரி நாகராஜன் பழைய பச்சைப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தபோது உள்ளேயிருந்து தேன் நிறத்தில் மரம் வந்ததாம்.

மஞ்சளுக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வட்டம் மட்டும் எட்டிப் பார்த்தது. படியின் நட்ட நடுவில், பழைய ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், மரம் கருகியிருந்தது. இவ்வளவு இழைத்தவர்கள் இதை ஏன் விட்டார்கள் என்று கேட்டேன். அண்ணி காதில் விழாததைப்போலக் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பால் ஊற்றுகிற ஜெயா அக்கா வந்தது. கேனைக் கீழே வைத்துவிட்டு வாசக்காலையே பார்த்தது. கிட்டே வந்து கிளியைத் தொட்டுப் பார்த்தது.

"இன்னா குணா, இது எங்க ஊர் கஸ்தூரி அம்மா வூட்டு வாசக்காலாச்சே" என்றது.

ஜெயா அக்காவின் பிறந்த ஊர் பண்டசோழநல்லூர். கஸ்தூரி அம்மா என்று அது சொன்னது என் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தங்கை.

நான் அந்தக் கறுப்பு வட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அண்ணன் யாருக்கும் தெரியாமல் அண்ணியைக் கல்யாணம் செய்துகொண்டு நேராகப் போனது அத்தை வீட்டுக்குத்தான். கரும்பும் நெல்லும் போடுகிற வீட்டுப் பையன், மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியபோது ஆரத்தி எடுத்து உள்ளே விட்டது அத்தை. அப்பா அங்கே போய் நின்றார். பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறதாக இருந்தால் உள்ளே வராதே என்று அத்தை வாசலை மறித்துக்கொண்டது. அப்பா கடையில் கற்பூரம் வாங்கி வந்து, அந்த வாசப்படியிலேயே கொளுத்தி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். இனிமேல் இந்த வாசப்படியை மிதித்தால் நான் எங்கப்பனுக்குப் பொறக்கல என்று.

பிறகு காலம் எல்லாவற்றையும் மாற்றியது. அம்மா படுக்கையில் விழுந்தபோது கூடவே இருந்து பார்த்தது அண்ணிதான். அப்பா இப்போது அண்ணியைக் கேட்காமல் உரம்கூட வாங்குவதில்லை. ஆனால் அந்தச் சத்தியம் மட்டும் அப்படியே இருந்தது. அத்தை வீட்டுக்காரர் செத்தபோதுகூட அப்பா போனார், தெருவிலேயே நின்றார். தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அடுத்தவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பினார். அதோடு அத்தை எங்களோடும் பேச்சை நிறுத்திவிட்டது.

அந்தப் படி இப்போது எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. மஞ்சள் குங்குமத்தோடு.

ஜெயா அக்கா போனதும் அண்ணியிடம் ஓடினேன். தெரியாமல் வாங்கிவிட்டீர்களா என்றுதான் கேட்க நினைத்தேன். அண்ணி முகத்தைப் பார்த்ததும் அந்தக் கேள்வியே வரவில்லை. அவர் வாழ வந்து முதன்முதலில் கால் வைத்த வாசல் அது. அவருக்குத் தெரியாமல் எப்படிப் போகும்?

"தெரிஞ்சிதான் வாங்கினீங்களா அண்ணி?"

"ஜன்னல் பாக்கப் போனேன் குணா. இது செவுத்துல சாஞ்சிக்கினு இருந்துச்சி. கலைவேந்தன் வூட்ட இடிச்சி மரத்தையெல்லாம் வித்துட்டானாம். இத எவனும் கேக்கல, ரெண்டா அறுத்து வேற எதுக்காவது ஆவும்னு கடைக்காரர் சொன்னாரு."

கலைவேந்தன் அத்தையின் ஒரே பிள்ளை. வீடு இடித்த சேதியே எங்களுக்கு வரவில்லை.

அண்ணனுக்காவது தெரியுமா என்று கேட்டேன். "உங்க அண்ணனா? தெனம் ரெண்டு வேள அதுலதான் பூந்து வராரு. நல்லா இருக்குதுடி, எங்க புடிச்சன்னு கேக்கறாரு. பச்ச பெயிண்ட்டு போச்சில்ல, அவருக்குப் போதும்."

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. அப்பா இதைப் பார்த்தால் உள்ளே காலே வைக்க மாட்டார், அவர் திரும்பிப் போனால் நாளைக்கே கான்ட்ராக்டர் வந்து நிற்பார், இத்தனை மாதம் நீங்கள் பட்ட பாடெல்லாம் மண்ணாகிவிடும் என்று படபடவென்று சொன்னேன். மேலே ஒரு கோணியாவது போட்டு மூடலாம் என்றேன்.

அண்ணி கோலத்தைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சத்தியம் பண்ண எடமே அறுபட்டுப் போச்சின்னா, அப்பறம் அத யாரு வந்து திருப்பி எடுக்கறது? மாமாவே நெனச்சாலும் முடியாது. அதான் எட்தாந்தேன். மூடறதுக்கு இல்ல."

எனக்கு இருந்த பயத்தில் பாதிகூட அவருக்கு இருந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் டப்பாவை மூடும்போது மூடி இரண்டு தடவை கைநழுவி விழுந்ததைப் பார்த்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கார் வந்தது. அப்பா கைத்தடியை ஊன்றி இறங்கினார். நாலு பக்கமும் பார்த்தார். மாற்றிக் கட்டிய ஓட்டைப் பார்த்தார். முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. அண்ணி ஆரத்தித் தட்டோடு உள்பக்கம் நின்றார்.

அப்பா வலது காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது.

அவர் கிளியைப் பார்க்கவில்லை, தாமரையைப் பார்க்கவில்லை. கீழே, அந்தக் கறுப்பு வட்டத்தைத்தான் பார்த்தார். தன் உள்ளங்கையையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு காலை இறக்கி ஓர் அடி பின்னால் வைத்தார்.

"இத யாரு இங்க கொணாந்தது?"

"நான்தான் மாமா" என்றார் அண்ணி.

அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாசக்காலையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். அப்பா கத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. அண்ணன் மெல்லப் பக்கத்தில் போய், பின்வாசல் வழியாகப் போகலாம் வாங்கப்பா என்றான். அப்பா திரும்பியே பார்க்காமல், என் வூட்டுக்குள்ள பின்பக்கமா பூந்து வர நான் இன்னா திருடனா என்றார். மிதிக்காமல் தாண்டி வைத்தால் சத்தியத்தில் சேராதே என்று அண்ணன் இன்னொரு வழி சொன்னான். அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் கார் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய்விட்டான்.

அப்பா திரும்பிக் காருக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். அவரோ தடியை ஊன்றிக்கொண்டு வீட்டின் பக்கவாட்டில் நடந்தார். முதல் ஜன்னலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அந்த ஃபேன் எந்த வூட்டுது?"

அண்ணி தட்டை வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடி, ஜன்னலுக்கு உள்பக்கமாக நின்று பதில் சொன்னார். அப்பா மேசையைக் கேட்டார். சம்பந்தி படகு என்றதும், வழவழன்னு இருக்குதே என்றார். கம்பிக்குள் கையை விட்டு ஜன்னல் கதவின் பட்டைகளை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தார். அண்ணியும் உள்ளே அடுத்த அறைக்கு ஓடினார்.

இப்படியே வீட்டைச் சுற்றி வந்தார்கள், அவர் வெளியே, அண்ணி உள்ளே. சமையலறையில் மார்பிளைப் பார்த்துவிட்டு அதில் இட்லி மாவு கொட்டினால் கறை படியுமா என்று விசாரித்தார். அலமாரிக் கட்டைகளைப் பார்த்து, கம்பெனிக்காரன் இதையா தூக்கிப்போட்டான் என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். கூழாங்கல் தட்டிவிடுமோ என்று அவர் காலையே பார்த்துக்கொண்டு.

கடைசி ஜன்னல் அவருடைய அறை. அங்கே ஓர் இரும்புக் கட்டில். கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயரும். முட்டிக்காகவே அண்ணி தேடிப் பிடித்தது.

அப்பாவின் முகம் மாறியது. "ஆஸ்பத்திரிக் கட்டிலு. எத்தன பேரு செத்தானோ அதுல."

"ஒருத்தரும் சாவல மாமா. பிரசவ ஆஸ்பத்திரிது. அதுல பொறந்தவங்கதான்."

அப்பா கொஞ்ச நேரம் கட்டிலைப் பார்த்தார். இந்த வயசுல எனக்கு இன்னா பொறக்கப் போவுது என்று முனகினார். அண்ணன் சிரித்துவிட்டான். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்கவும் இல்லை.

"நல்லா பண்ணிருக்கம்மா" என்றார். "என் கண்ணே பட்டுடும். ஆனா என்னால உள்ள வர முடியாது."

முன்பக்கம் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். அங்கே மூடிய சினிமாக் கொட்டகையிலிருந்து அண்ணி வாங்கிப் போட்ட இரட்டை நாற்காலி. நடுவில் கை வைக்கும் கட்டை இரண்டுக்கும் பொது. அண்ணி சாப்பாட்டை வெளியிலேயே கொண்டுவந்து வைத்தார். நாங்களும் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். இத்தனை சாமானோடு வீடு திறந்து கிடக்க, உள்ளே ஃபேன் யாருக்கும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்க, வீட்டுக்காரர்கள் எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டோம்.

கை கழுவியதும்தான் அப்பா கேட்டார். வாசக்கால் இங்க வந்துடுச்சின்னா வூட்ட இடிச்சிருப்பாங்க, கஸ்தூரி எங்க இருக்கா?

அண்ணி சொன்னார். வாசக்கால் வாங்கிய கையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கலைவேந்தன் அதே மனையில் புது வீடு எழுப்புகிறான். அது முடியும்வரை அத்தை பின்னால் இருக்கும் தகர ஷெட்டில், சிமெண்ட் மூட்டைகளோடு படுத்திருக்கிறது.

அப்பா தடியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். எங்க அப்பன் அவ கல்யாணத்துக்குச் சீரா செஞ்சி குடுத்த வாசக்கால்டா அது என்றார், யாரைப் பார்த்தும் இல்லாமல். மரம் எங்கள் கொல்லையில் நின்றதாம். இழைத்தபோது அப்பா கூட இருந்தாராம்.

பிறகு அண்ணனைக் கூப்பிட்டார்.

"போயி அவள கூட்டியா. அவ வாசல், அவ மொதல்ல உள்ள போவட்டும். அப்பறம் நான் யோசிக்கறேன்."

அண்ணன் கார் எடுத்துக்கொண்டு போனதிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அத்தை வராவிட்டால்? வந்து, தெருவிலேயே நின்றவன் வீட்டுக்கு நான் ஏன் வரணும் என்று கேட்டுவிட்டால்? அண்ணி என்னைத் திட்டி உள்ளே அனுப்பினார், போய் விளக்குத் திரியையாவது திரி என்று.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கார் வந்து நின்றது. அத்தை இறங்கியது. ரொம்ப இளைத்துவிட்டது. வெள்ளைப் புடவையில்லை, ஆனால் நெற்றி வெறுமை. கையில் ஒரு பை. அப்பாவைப் பார்க்கவில்லை. நேரே வாசக்காலிடம் போய்த் தன் கிளியைத் தடவிப் பார்த்தது.

"உள்ள போ" என்றார் அப்பா, நாற்காலியிலிருந்து.

அத்தை திரும்பியது. "நான் புருசன் இல்லாத பொம்பள. பூச கீச பண்ணி வச்ச புது வாசல்ல நான் மொதல்ல காலு வெக்கறதா? ஊரு இன்னா சொல்லும் அண்ணே?"

ஒன்பது வருடத்தில் அது அண்ணே என்று சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அப்பா தடியை ஊன்றி எழுந்தார். எழுவதற்குக் கஷ்டப்பட்டார். நான் பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டார்.

"ஊரு சொல்றத நான் பாத்துக்கறேன். நீ போம்மா."

அண்ணி அணைந்துபோன ஆரத்தியை மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தார். அத்தை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மூன்று சுற்று சுற்றிவிட்டார். அத்தை உள்ளே காலை வைத்தது. வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாசக்காலைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துத் திரும்பி நின்றது. அன்றைக்கு மறித்த அதே மாதிரி.

"வா அண்ணே."

"எங்கப்பனுக்குப் பொறக்கலன்னு சொல்லிட்டேனே கஸ்தூரி."

"நானும் அதே அப்பனுக்குத்தான் பொறந்தேன். நான் கூப்புடறேன். வா."

அத்தை ஒரு கையை எடுத்து வழி விட்டது. அப்பா படிக்கு முன்னால் வந்து நின்றார். குனிய முடியாத மனுஷன், தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து அந்தக் கறுப்பு வட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அத்தை நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

நேராகத் தன் அறைக்குப் போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார். கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கேட்டார். அண்ணி காட்டிக் கொடுத்தார். தலைமாடு உயர்ந்தது. சாய்ந்துகொண்டு, "கமலக்கண்ணா, அந்த கான்ட்ராக்டர இனிமே வரவேணான்னு சொல்லிடு" என்றார்.

அண்ணி சமையலறைக்குள் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மார்பிள்மேல் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நீங்க பெரிய ஆளு அண்ணி என்றேன். போய் அத்தைக்குக் காபி கொண்டு குடு என்றார், திரும்பாமலே.

டம்ளரோடு கூடத்துக்கு வந்தேன். படகு மேசைமேல் அத்தையின் போன் அடித்துக்கொண்டிருந்தது. கலைவேந்தன் என்று பெயர் வந்தது. அத்தை அதை எடுக்கவில்லை. கவிழ்த்து வைத்துவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டது. அது நின்றது. மறுபடி அடித்தது.

அண்ணன் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். குரலைத் தாழ்த்தினான்.

"குணா, நான் போய் ஷெட்டுக் கதவ தட்றேன், எதுக்கு வந்தேன்னே இன்னும் சொல்லலடா. அதுக்குள்ள அத்த பைய கட்டி வச்சிக்கினு, புடவ மாத்திக்கினு உக்காந்திருக்குது. நாம வருவோம்னு இல்ல. மவன்கிட்டகூட சொல்லாம எங்கியோ கெளம்பிப் போறதுக்கு."